நான் அடிச்சது கேட்டுச்சா? பாஸ் டிரம் ஹெட் வாங்கின கதை

(போன வார எபிசோடோட எழுத்து வடிவம் இது. நான் இருமினது, தண்ணி குடிச்சது, "ஆங்... என்ன சொல்ல வந்தேன்" எல்லாத்தையும் வெட்டியாச்சு. மத்தபடி பேசினது பேசினபடியே.)

இன்னைக்கு டேட்டாபேஸ் கிடையாது, இன்டர்வியூ கிடையாது, ஆன்சைட் கதையும் கிடையாது. இன்னைக்கு டிரம். அதுவும் மார்ச்சிங் பாஸ் டிரம்முக்கு எந்த ஹெட் போடணும்ங்கற ரொம்ப ரொம்பச் சின்ன விஷயம். "யாருக்குடா இது வேணும்"னு நீங்க கேக்கறது புரியுது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அக்டோபர் மாசம், சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி. டெக்ஸஸ்ல டல்லாஸ்லேர்ந்து ஒரு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, அங்கதான் இருக்கா. அவ பையனை ஒரு பேண்ட் போட்டியிலிருந்து கார்ல கூட்டிட்டு வர்றேன். அவனுக்கு அப்போ 14 வயசு. யூனிஃபார்மைக் கூட மாத்தல. மடியில பீட்சா டப்பா, திறக்கவே இல்ல. ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துட்டு வந்தவன் திடீர்னு கேட்டான்: "மாமா, நான் அடிச்சது கேட்டுச்சா?"

"சூப்பரா கேட்டுச்சுடா"ன்னேன்.

கேக்கவே இல்ல. அவன் அடிச்சது மட்டும் இல்ல, அந்த அஞ்சு பேர் அடிச்சது எதுவுமே தனியா கேக்கல. ஸ்டேடியம் முழுக்க ஒரே "டூஊஊஊம்". அதுல தப்பு பசங்க மேல இல்ல. அந்த டிரம்முக்கெல்லாம் ஹெட் பார்த்து வாங்கிக் குடுத்த ஆள் மேல. அந்த ஆள் நான்.

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி, இந்த மார்ச்சிங் பாஸ் டிரம்னா என்னன்னு சொல்லிடறேன். நம்ம ஊர்ல பேண்டு வாத்தியம்னா பெரிய டிரம் ஒண்ணுதான் இருக்கும். ஒருத்தர் தூக்கிட்டு வருவார், "டம், டம்"னு தாளம் பிடிப்பார். அமெரிக்காவுல ஹைஸ்கூல், காலேஜ் பேண்டுலயும், டிரம் கோர்னு சொல்ற குழுக்கள்லயும் அது வேற மாதிரி. பாஸ் டிரம்மே நாலஞ்சு இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு சைஸ். அக்கா பையன் ஸ்கூல்ல 18, 20, 22, 24, 28 இன்ச்னு அஞ்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுருதி. சின்னது மேல, பெரியது கீழ. அதனால ஒரே தாள வரியை அஞ்சு பேரும் பங்கு போட்டு வாசிக்கலாம். முதல் அடி ஒருத்தன், ரெண்டாவது அடி அடுத்தவன். இதுக்கு 'ஸ்ப்ளிட்'னு பேரு. ஒரு வார்த்தையை அஞ்சு பேர் ஆளுக்கு ஒரு எழுத்தா சொல்ற மாதிரி யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் இம்மி பிசகினாலும் வார்த்தை போச்சு.

இம்மின்னா எவ்வளவு? டெம்போ 150னு வெச்சுக்கோங்க. ஒரு பீட்டுக்கு 400 மில்லிசெகண்ட். அதை நாலா பிரிச்சா அடிக்கும் அடிக்கும் நடுவுல 100 மில்லிசெகண்ட். ஆறா பிரிச்சா 67. நம்ம ஏபிஐ ரெஸ்பான்ஸ் 100 மில்லிசெகண்ட்ல வந்தா பார்ட்டி கேப்போம். இவங்க அந்த நேரத்துக்குள்ள அஞ்சு பேரா நடந்துகிட்டே கோர்த்து வாசிக்கணும். அக்கா பையன் மூணாவது பாஸ், 22 இன்ச். நடு ஆள். ஜூலை கடைசியிலிருந்து, 40 டிகிரி வெயில்ல, பார்க்கிங் லாட்டுல நின்னு பழகினான். வீட்டுல டைனிங் டேபிள், கார் டேஷ்போர்டு, அவங்க அப்பா முதுகு எதையும் விடல. அத்தான் பாவம்.

சரி, இதுல நான் எப்படி வந்தேன்? நான் பாளையங்கோட்டையில படிச்சப்போ ஸ்கூல் பேண்டுல மூணு வருஷம் பெரிய டிரம் அடிச்சவன். எங்க டிரம்முல நிஜத் தோல். ஜனவரி 26 அன்னைக்கு வெயில்ல கணீர்னு இருக்கும். நவம்பர் மழையில ஈரத்தைக் குடிச்சு தொளதொளன்னு தொங்கிடும். பேண்ட் மாஸ்டர் அதை வெயில் வர்ற மூலைக்குத் தூக்கிட்டுப் போய் வெச்சுட்டுக் காத்திருப்பார். பறையை வாசிக்கறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டுறாங்களே, அதே கணக்கு. தோல்ல இருக்கற ஈரம் போனா இழுவை ஏறும், சுருதி ஏறும்.

பிளாஸ்டிக் வந்த காரணமே இந்த ஈரம்தான். 1950கள்ல டூபான்ட் கம்பெனியோட மைலார்ங்கற பாலியெஸ்டர் படலம் கிடைக்க ஆரம்பிச்சுது. தண்ணி பாட்டில் செய்யறாங்களே, அந்தப் பிளாஸ்டிக் குடும்பம்தான். 1956ல சிக் எவன்ஸ்ங்கறவர் அதுல டிரம் ஹெட் பண்ணினார். 1957ல ரெமோ பெல்லி தன் கம்பெனியை ஆரம்பிச்சார். அவரோட ஹெட்டுக்கு 'வெதர் கிங்'னு பேரு. மழைக்குப் பயப்படாத ராஜான்னு பேர்லயே சொல்லி வித்திருக்கார். இன்னைக்கும் மார்ச்சிங் பாஸ் ஹெட் வாங்கப் போனா கண்ணுல படற ரெண்டு பெரிய பேர் எவன்ஸும் ரெமோவும்தான். ஆனா பிளாஸ்டிக் வந்து இத்தனை வருஷம் ஆகியும் எங்க ஊர்ல "தோல் கிழிஞ்சிருச்சு"ன்னுதான் சொல்வோம். அமெரிக்காக்காரங்களும் 'ஸ்கின்'னு சொல்றதைக் கேட்டிருக்கேன். அதுல எனக்கு ஒரு சந்தோஷம்.

அந்த வருஷம் ஸ்கூல்ல டிரம் சொல்லிக்குடுக்க வர்ற பார்ட் டைம் ஆள் வேற ஊருக்குப் போயிட்டார். பேண்ட் டைரக்டர் கிளாரினெட் வாசிக்கறவர், தங்கமான மனுஷன், டிரம் ஹெட் பத்திப் பெருசா பழக்கம் இல்லாதவர். பாஸ் டிரம் ஹெட் எல்லாம் நடுவுல குழி விழுந்து கெடந்தது. பேரண்ட்ஸ் மீட்டிங்ல "இதை யாராவது பார்த்துக்கறீங்களா"ன்னு கேட்டார். நான் அக்காவோட சும்மா போயிருந்தேன். என் கை தானா மேல போச்சு. மூணு வருஷம் ஒரு டிரம்மைத் தூக்கினவனுக்கு எவ்வளவு தன்னம்பிக்கை பாருங்க.

முதல் தப்பு முதல் நாளே நடந்தது. அஞ்சு டிரம், அதனால அஞ்சு ஹெட்னு லிஸ்ட் போட்டேன். அக்கா பையன் எட்டிப் பார்த்துட்டு, "மாமா, டிரம்முக்கு ரெண்டு பக்கம் இருக்கு"ன்னான். உள்ளபடியே வெக்கமா போச்சு. டிரம் செட்ல கால்ல அடிக்கற பாஸ் டிரம்னா ஒரு பக்கம்தான் அடி விழும். மார்ச்சிங் பாஸ்ல டிரம்மை நெஞ்சுக்கு முன்னாடி மாட்டிக்குவாங்க, வலது கை வலது பக்கம், இடது கை இடது பக்கம். ரெண்டு பக்கமும் அடி வாங்குற பக்கம்தான். அதனால பத்து ஹெட். அந்தந்த டிரம்முல ரெண்டு பக்கமும் ஒரே மாடலா, ஒரே சுருதியில இருக்கணும். இல்லன்னா கை மாறும்போதெல்லாம் சுருதி மாறும். பட்ஜெட் ஒரே நொடியில டபுள் ஆச்சு. அந்தக் காசு பெத்தவங்க கார் கழுவியும் கேக் வித்தும் சேர்த்தது.

அதனால ரொம்பப் பொறுப்பா ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். ஹெட்டோட தடிமனை 'மில்'ல சொல்வாங்க. ஒரு மில்னா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்கு. ரெமோவோட அம்பாசடர்னு ஒரு மாடல் இருக்கு, அது ஒரே அடுக்கு, 10 மில். மில்லிமீட்டர்ல கால்வாசி, ஏறக்குறைய ரெண்டரை ஏ4 பேப்பர். எம்பெரர்னு இன்னொண்ணு, 7 மில்லுல ரெண்டு அடுக்கு. ஒரே அடுக்குன்னா எடை கம்மி, தொட்டாலே பேசும், ரீங்காரம் நீளம். ரெண்டு அடுக்குன்னா உழைப்பு ஜாஸ்தி, சத்தம் கொஞ்சம் குட்டையா, தடிப்பா வரும். அதுக்கு மேல, ஓரத்துல அதிர்வை அடக்குற வேலையைக் கம்பெனியே பண்ணித் தர்ற மாடல்களும் உண்டு. எவன்ஸ்ல எம்எக்ஸ்1 ஒரு அடுக்கு, எம்எக்ஸ்2 ரெண்டு அடுக்கு, ரெண்டுக்கும் கூடவே ஓரத்துல ஒட்டிக்க ஃபோம் வளைவுகள் வரும். ரெமோவுல பவர்மேக்ஸ். இதெல்லாம் மார்ச்சிங் பாஸுக்குன்னே செஞ்சது.

"மார்ச்சிங் பாஸுக்குன்னே செஞ்சது"ங்கற வார்த்தையை அன்னைக்கு நான் விளம்பரம்னு நெனச்சேன். ஃபோம் ஒட்டி சத்தத்தை அடக்க எதுக்கு எக்ஸ்ட்ரா காசு குடுக்கணும்? நமக்கு வேண்டியது சத்தம்தானே? நண்பர் ஒருத்தர்கிட்ட சாம்பிளுக்கு ஒரு சாதா ஒரே அடுக்கு ஹெட் வாங்கி 22 இன்ச் டிரம்முல மாட்டினேன். பேண்ட் ரூம்ல ஒரு அடி. ஆஹா! மணி அடிச்ச மாதிரி, கோயில்ல நிக்கற மாதிரி. சுத்தி நின்ன பசங்க "வாவ்"னாங்க. பத்தும் அதே மாதிரி ஆர்டர் போட்டேன். காசும் மிச்சம். அன்னைக்கு ராத்திரி எனக்கு நானே பிரமோஷன் குடுத்துக்கிட்டேன்.

நம்ம ஃபீல்டுல இருக்கறவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. ஒரே ஒரு டிரம்ம, ஒரே ஒரு அடி, பக்கத்துல நின்னு டெஸ்ட் பண்ணியிருக்கேன். யூனிட் டெஸ்ட் பாஸ். அஞ்சு டிரம்மும் சேர்ந்து 100 மில்லிசெகண்ட் இடைவெளியில அடிச்சா என்ன ஆகும்னு பார்க்கவே இல்ல. நேரா ப்ரொடக்‌ஷன்.

ப்ரொடக்‌ஷன்ங்கறது அந்த அக்டோபர் சனிக்கிழமை. நான் ஸ்டாண்டுல உயரத்துல உட்கார்ந்திருந்தேன். ஜட்ஜுங்க உட்கார்ற உயரம். மைதானத்தோட அகலம் மட்டுமே 49 மீட்டர். பசங்க பின்பக்கம் இருந்தாங்கன்னா நம்ம காதுக்கு 60, 70 மீட்டர். ரெண்டாவது பாட்டு முடியும்போது மத்த எல்லாரும் நிறுத்துவாங்க, பாஸ் லைன் மட்டும் ரெண்டு பார் தனியா ஓடும். பையன் மூணு மாசமா டைனிங் டேபிள்ல தட்டினது அந்த ரெண்டு பார்தான். நான் சீட் நுனிக்கு வந்துட்டேன். கண்ணுக்குத் தெரியுது, கைகள் அலை மாதிரி இடமிருந்து வலமா போகுது, அவ்வளவு சுத்தமா. காதுல விழறது இடி உருள்ற சத்தம். அப்பறம் எதிர்ப்பக்க ஸ்டாண்டுல பட்டுத் திரும்பி வந்த இன்னொரு இடி. பக்கத்துல இருந்த அம்மா ஒருத்தங்க, "பாஸ் டிரம் நல்லா பலமா இருக்கு இல்ல?"ன்னாங்க. தலையாட்டினேன்.

அதுக்கப்பறம்தான் அந்த கார் பயணம், அந்தக் கேள்வி, அந்தப் பொய்.

ஞாயித்துக்கிழமை தூக்கம் வரல. டைரக்டருக்கு மெசேஜ் போட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் டிரம்முங்களோட ஒரு மணி நேரம் கேட்டேன். ஒரு ஃபோனை டிரம்முக்குப் பக்கத்துல வெச்சேன், இன்னொரு ஃபோனை ஸ்டாண்டு மேல. பையனை ஒரு அடி அடிக்கச் சொன்னேன். ரெக்கார்டிங்கை லேப்டாப்ல போட்டுப் பார்த்தா, 22 இன்ச் டிரம்மோட ரீங்காரம் ஒரு செகண்டையும் தாண்டி ஓடுது. கணக்கு அங்கயே முடிஞ்சு போச்சு. 100 மில்லிசெகண்டுக்கு ஒரு அடின்னா, ஒரு அடி அடங்கறதுக்குள்ள அடுத்த பத்து அடி அது மேல வந்து உட்கார்ந்துக்குது. பக்கத்துல நிக்கும்போது மேலட் படற அந்த 'டக்' காதை அறையும், அதனால ரீங்காரம் பின்னாடி போயிடும். தூரத்துல அந்த 'டக்' மங்கிடும், எதிரொலி வேற சேரும், மிஞ்சறது ரீங்காரம் மட்டும்.

இதுல இன்னொரு விஷயம் உண்டு. வட்டமான, எல்லா இடத்துலயும் ஒரே தடிமன் உள்ள ஒரு படலத்தை அடிச்சா அது ஒரு சுருதியில மட்டும் அதிராது. அடிப்படைச் சுருதி 1ன்னா, அதோட கூடவே 1.59, 2.14, 2.30னு மத்ததெல்லாம் கிளம்பும். வீணைத் தந்தியில 2, 3, 4னு முழு எண்ணா வரும், அதனால இனிமையா சேரும். இங்க சேராது. அதான் டிரம் சத்தம் நீளமா ஒலிச்சா சுருதி தெளிவா இல்லாம கொழகொழன்னு இருக்கு. மிருதங்கத்துல வலந்தலை நடுவுல அந்தக் கருப்புக் கரணை இருக்கே, அது இந்தப் பிரச்சனையைத்தான் தீர்க்குது. நடுவுல எடை ஏத்தி, மேல் சுருதிகளை முழு எண் விகிதத்துக்குப் பக்கத்துல கொண்டு வருது. இதைப் பத்தி சி.வி. ராமன் 1920ல நேச்சர் இதழ்ல எழுதியிருக்கார். காலேஜ்ல ராமன் விளைவு மட்டும் படிச்சுட்டு மார்க் வாங்கின எனக்கு, திருச்சிக்காரர் டிரம் பத்தி எழுதினது டெக்ஸஸ்ல வந்துதான் தெரிஞ்சுது.

மார்ச்சிங் பாஸ்ல நடுவுல கரணை வைக்க முடியாது, அங்கதான் கெட்டி ஃபெல்ட் மேலட் வந்து மோதும். அதனால ஓரத்தைப் பிடிக்கறாங்க. ஓரத்துல ஃபோம் தொட்டுக்கிட்டு இருந்தா மேல் சுருதிகள் சீக்கிரம் செத்துப் போகும், அடிப்படைச் சத்தம் மட்டும் குட்டையா, உருண்டையா நிக்கும். நான் விளம்பரம்னு நெனச்ச அந்த ஃபோம் இதுக்குத்தான்.

புது ஹெட் வாங்கக் காசு இல்ல. ஹார்டுவேர் கடையில, குளிர்காலத்துல ஜன்னல் இடுக்குல காத்து வராம ஒட்டறதுக்கு ஃபோம் டேப் விப்பாங்க. ரோல் சில டாலர்தான். நாலு ரோல் வாங்கினேன். முதல்ல ஹெட்டைக் கழட்டாம வெளிப்பக்கமே, ரிம்மை ஒட்டி, சுத்தி ஒட்டிப் பார்த்தோம். பிடிக்கலைன்னா உரிச்சிடலாம் பாருங்க. முழு வட்டம் ஒட்டினதும் 28 இன்ச் டிரம் அருமையா அடங்கிச்சு. அதே குஷியில 18க்கும் முழு வட்டம் ஒட்டினேன். அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு, முதல் பாஸ் அடிக்கறவ, என்னைப் பார்த்த பார்வை இருக்கே!

அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா உரிச்சோம். 18க்கு நாலு சின்னத் துண்டு போதும்னு முடிவாச்சு. 20க்கு அதைவிடக் கொஞ்சம் நீளமா. 22க்கும் 24க்கும் நடுநடுவுல இடைவெளி விட்டு. 28க்கு முழு வட்டம். பெரிய டிரம்முல ரீங்காரம் இயல்பாவே நீளம், அதனால அது ஃபோமைத் தின்னும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் அப்பறம் அஞ்சு பேரும் அந்த ரெண்டு பாரையும் வாசிப்பாங்க, நான் ஸ்டாண்டு உச்சிக்கு ஓடுவேன். அன்னைக்கு மட்டும் அந்தப் படிக்கட்டுல ஒரு பதினஞ்சு தடவையாவது ஏறியிருப்பேன். டெஸ்க்ல உட்கார்ந்தே வாழற உடம்பு, மறுநாள் லீவு போட்டேன்.

நடுவுல பையன் ஒண்ணு சொன்னான்: "மாமா, இப்போ ஸ்டிக் திரும்பி வர மாட்டேங்குது." ஃபோம் நிறைய ஆகி, ஹெட்டும் லூஸா இருந்தா, அடிச்ச மேலட் துள்ளி வராது. தலையணையில அடிக்கற மாதிரி. வேகமான வரியில கை கூடுதலா உழைக்கணும், உழைச்சா லேட் ஆகும், லேட் ஆனா ஸ்ப்ளிட் போச்சு. ஸ்டாண்டுல உட்கார்ந்திருக்கற எனக்கு இது தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல. அதனால 22ல ரெண்டு துண்டை உரிச்சுட்டு, சுருதியைக் கொஞ்சம் ஏத்தினோம். லக்கைத் திருகும்போது எதிரெதிரா போகணும், கார் டயர் போல்ட் மாட்டற மாதிரி. ஒவ்வொரு லக் பக்கத்துலயும் விரலால தட்டிப் பார்த்து ஒரே சத்தம் வருதான்னு பார்க்கணும். இதுல அவசரப்பட்டா எவ்வளவு நல்ல ஹெட்டும் தகர டப்பாதான்.

இப்போ யாராவது என்கிட்ட "எந்த ஹெட் வாங்கட்டும்"னு கேட்டா என்ன சொல்வேன்? காசு இருந்தா ஓர அடக்கத்தோட வர்ற மாடலையே வாங்குங்க, அஞ்சுக்கும் ஒரே குடும்பமா வாங்குங்க. ஒரு டிரம் வேற குரல்ல பேசினா அந்த ஒரே வார்த்தைங்கற மாயை உடைஞ்சிடும். ஒரு அடுக்கா ரெண்டு அடுக்கான்னா, எனக்குச் சின்ன டிரம்முங்களுக்கு ஒரு அடுக்கு பிடிக்கும், 'டக்' தெளிவா வரும். பலமா அடிக்கற பசங்க, வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்த முடியும்னா ரெண்டு அடுக்கு நீடிக்கும். சாதா ஹெட்டுல ஃபோம் ஒட்டியும் சமாளிக்கலாம், நாங்க சமாளிச்சோம், ஆனா பொறுமை வேணும். ஹாலுக்குள்ள வாசிக்கற போட்டின்னா எதிரொலி இன்னும் ஜாஸ்தி, இன்னும் கொஞ்சம் அடக்கணும். ஸ்னேர் டிரம்முல கெவ்லார்ல இரும்பு மாதிரி இழுத்துக் கட்டுவாங்களே, அதைப் பார்த்துட்டு பாஸையும் அப்படி முறுக்க நெனைக்காதீங்க, அது வேற ஜாதி. வெயிலையும் கவனிங்க. பிளாஸ்டிக் ஈரம் குடிக்காதுன்னாலும் உச்சி வெயில்ல கொஞ்சம் தளரும், ரூம்ல வெச்ச சுருதி பார்க்கிங் லாட்டுல இருக்காது. எங்க டிரம்முங்களுக்கு இப்பல்லாம் பழைய பெட்ஷீட் போர்த்தி வெக்கறோம். எதை வாங்கினாலும் பத்தையும் மொத்தமா ஆர்டர் போடாதீங்க. முடிஞ்சா பக்கத்து ஸ்கூல்ல இருக்கறதைக் கேளுங்க, அஞ்சு பேர் சேர்ந்து வாசிக்க, நீங்க தூரமா நின்னு கேளுங்க.

சரி, அடுத்த போட்டி ரெண்டு வாரம் கழிச்சு. போற வழியில நான் பையன்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்னு முடிவு பண்ணேன். "டேய், அன்னைக்கு நீ கேட்டல்ல, கேட்டுச்சான்னு. பொய் சொன்னேன்டா. ஒண்ணுமே கேக்கல. ஹெட் நான் தப்பா வாங்கிட்டேன்"னேன்.

"தெரியும் மாமா"ன்னான். ஸ்டாண்டுலேர்ந்து ஒரு அப்பா எடுத்த வீடியோவை அன்னைக்கு ராத்திரியே பார்த்துட்டானாம். கார்ல என்கிட்ட கேக்கும்போதே பார்த்துட்டானாம். "அப்பறம் ஏண்டா கேட்டே?"ன்னு கேட்டேன்.

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்க்கலாம்னு"ன்னான். ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டான். ஊர் வர்ற வரைக்கும் நான் ரோட்டை மட்டும்தான் பார்த்தேன்.

அன்னைக்கு அந்த ரெண்டு பார் எப்படி இருந்ததுன்னா, நாலாவது பாஸ் ஒரு இடத்துல முந்திட்டான். அது தெளிவா கேட்டுச்சு. முந்தினது கேட்டுச்சுங்க! நான் எழுந்து கை தட்டினேன். தப்பு நடந்ததுக்கு யாராவது கை தட்டுவாங்களான்னு அக்கா என்னை இழுத்து உட்கார வெச்சா. மூணாவது பாஸ் இருக்கற இடத்துல எல்லாம் அந்த உருண்டையான 'டும்' சரியா வந்து உட்கார்ந்துது. எட்டு தடவை. எண்ணினேன். போட்டியில இடம் எதுவும் கெடைக்கல, அதை விடுங்க.

சீசன் முடிஞ்சதும் அந்த ஹெட்டெல்லாம் கழட்டினாங்க. பழைய ஹெட்டுல லைன்ல இருக்கறவங்க எல்லாரும் மார்க்கர்ல கையெழுத்துப் போட்டு, ஸ்கூல் முடிச்சுட்டுப் போறவங்களுக்குக் குடுக்கறது அங்க பழக்கம். மிச்சம் இருந்த 22 இன்ச் ஒண்ணு எனக்கு வந்துது. ஃபோம் உரிச்ச கோந்துத் தடம் ஓரத்துல அப்படியே இருக்கு. என் அபார்ட்மென்ட்ல சோஃபாவுக்குப் பின்னாடி சாத்தி வெச்சிருக்கேன்.

அடுத்த சீசனுக்கு ஓர அடக்கத்தோட வர்ற ரெண்டு அடுக்கு செட் வாங்கினாங்க, இந்தத் தடவை புதுசா வந்த டிரம் டீச்சர் பார்த்து வாங்கினார். நான் கை தூக்கல. பையன் நாலாவது பாஸுக்குப் போயிட்டான், 24 இன்ச். போன வாரம் ஃபோன் பண்ணி, "மாமா, அந்த ஃபோம் டேப் இன்னும் இருக்கா"ன்னு கேட்டான். ஒரு ரோல் இருக்கு. சனிக்கிழமை கொண்டு போறேன்.

அடுத்த எபிசோட் வழக்கம்போல ரெண்டு வாரத்துல. அதுல டேட்டாபேஸ்தான், ஓடிப் போயிடாதீங்க.